தேஜஸ் தாமதமும் குறைந்துவரும் படைப்பிரிவுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு விடை கொடுத்தபோது, அவற்றின் அறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட பணியை நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் நன்றியுடன் நினைவுகூர்ந்தன. அது நியாயமே. ஆனால் அதே நாளில் நம் விமானப்படையின் போர் விமானப் படைப்பிரிவுகள் 29ஆகக் குறைந்தது குறித்துப் பெரிதாக எவரும் பேசவில்லை. அரசு ஒப்புதல் அளித்துள்ள எண்ணிக்கையோ 42. ஒரு படைப்பிரிவுக்குக் குறைந்தது 16 விமானங்கள் என்று கணக்கிட்டாலும், இருக்க வேண்டியதைவிட இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் நம்மிடம் குறைவாக உள்ளன.

மிக்-21 விட்டுச்செல்லும் இடத்தை நிரப்புவதற்காகவே 1983இல் இலகுரகப் போர் விமானத் திட்டம் அனுமதிக்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் உருவான தேஜஸ் 2001 ஜனவரியில் முதன்முறையாகப் பறந்தது; 2016இல் அதற்கான முதல் படைப்பிரிவு பெங்களூருவில் அமைக்கப்பட்டு, பின்னர் எங்கள் சூலூர் தளத்துக்கு வந்தது. அந்த விமானத்தைத் தலைக்கு மேல் பார்த்துப் பழகிய இப்பகுதி மக்களுக்கு அதன் திறன் மீது ஐயமில்லை. எங்கள் கவலை அது போதிய எண்ணிக்கையில் வந்து சேரவில்லை என்பதுதான். 2021 பிப்ரவரியில் சுமார் 48,000 கோடி ரூபாய்க்கு தேஜஸின் மேம்பட்ட வடிவமான மார்க்-1ஏ போர் விமானங்கள் 73, பயிற்சி விமானங்கள் 10 என மொத்தம் 83 விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2024 மார்ச்சுக்குள் முதல் மார்க்-1ஏ விமானம் வந்திருக்க வேண்டும். மிக்-21 விடைபெற்ற நாள்வரை ஒன்றுகூட ஒப்படைக்கப்படவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் 62,370 கோடி ரூபாய்க்கு மேலும் 97 விமானங்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. ஆக, பணம் ஒதுக்குவதிலோ ஆர்டர் கொடுப்பதிலோ குறையில்லை.

இந்தத் தாமதத்துக்குப் பெரிய காரணம் இன்ஜின். தேஜஸில் பொருத்தப்படும் எஃப்-404 இன்ஜினை அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனம் தயாரிக்கிறது. 2021இல் 99 இன்ஜின்கள் கேட்கப்பட்டபோது அந்த வகைக்கான தயாரிப்பு வரிசையே நின்றுபோயிருந்தது. அதை மீண்டும் தொடங்கி, உதிரிபாகங்கள் கிடைத்து, முதல் இன்ஜின் நம் கைக்கு வர 2025 மார்ச் ஆகிவிட்டது. பழியை முழுவதும் இன்ஜின் மீது போட்டுவிடவும் முடியாது. ஏவுகணைகளைப் பொருத்திச் சோதிப்பதும் சான்றளிப்பதும் உள்நாட்டிலேயே இழுபட்டன. எந்தத் திட்டமும் குறித்த காலத்தில் முடிந்ததாகத் தமக்கு நினைவில்லை என்று விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் 2025 மே மாதத்தில் பொதுமேடையிலேயே கூறினார். பதவியில் இருக்கும் ஒரு தளபதி இப்படி வெளிப்படையாகப் பேச நேர்ந்ததை அரசு லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதே மே மாதம் நடந்த நான்கு நாள் மோதலை எண்ணினால் இந்தத் தாமதத்தின் விலை புரியும். பாகிஸ்தான் சீனத் தயாரிப்பான ஜே-10சி விமானங்களையும், வெகுதொலைவு பாயும் பிஎல்-15 ஏவுகணைகளையும் பயன்படுத்தியது. அந்த ஏவுகணையின் பாகங்கள் பஞ்சாபின் ஹோஷியார்பூர் பகுதியில் கிடைத்தன. நம் தரப்பிலும் விமான இழப்பு ஏற்பட்டதை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான் பின்னர் சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார். மே 8ஆம் தேதி இரவில் மட்டும் 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 ட்ரோன்கள் வரை அனுப்பப்பட்டதாக ராணுவம் தெரிவித்தது. அவற்றை வீழ்த்தியதில் பல பத்தாண்டுகள் பழைமையான எல்-70 விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கும் பங்கு உண்டு. நம் பொறியாளர்களே அவற்றுக்குப் புதிய கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தி மேம்படுத்தியிருந்ததால்தான் அது முடிந்தது. மாறாக, 2018இல் ரஷ்யாவிடம் கேட்ட ஐந்து எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணைத் தொகுதிகளில் கடைசி இரண்டு, அந்நாடு உக்ரைன் போரில் இறங்கியதால் தாமதமாயின. விற்பவர் போரில் இருந்தால் வாங்குபவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

தேஜஸுக்காக உள்நாட்டிலேயே உருவாக்க முயன்ற காவேரி இன்ஜின் ஏன் கைகூடவில்லை என்பதையும் நேர்மையாகப் பேச வேண்டும். ஜெட் இன்ஜினின் டர்பைன் பிளேடு, தன் உலோகத்தின் உருகுநிலையையும் மிஞ்சிய வெப்பமுள்ள வாயுவில் சுழல்கிறது. அதைத் தாங்க, பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வார்த்து, உள்ளே நுண்ணிய காற்றுத் துளைகளை அமைக்க வேண்டும். உலகில் வெகுசில நாடுகளுக்கே வசப்பட்ட இந்தக் கலையை, காவேரி பணிகள் தொடங்கியபோது நமக்குக் கற்றுத்தர எவரும் முன்வரவில்லை. உயரத்தில் பறக்கவிட்டுச் சோதிக்கும் விமானமும் நம்மிடம் இல்லாததால், 2010இல் காவேரியை ரஷ்யாவுக்குக் கொண்டுசென்று சோதித்தார்கள். அதற்கு முன்பே, 2008இல், தேஜஸ் திட்டத்திலிருந்து அது பிரிக்கப்பட்டிருந்தது.

அடுத்த தலைமுறைப் போர் விமானத்துக்கான இன்ஜினை பிரான்சின் சஃப்ரான் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கப்போவதாகப் பாதுகாப்பு அமைச்சர் 2025 ஆகஸ்டில் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் பிளேடு வார்க்கும் தொழில்நுட்பம் முழுமையாக இங்கு வருமா என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிவாங்க வேண்டும். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இடம்பெற்றுள்ள கோவையில் தலைமுறை தலைமுறையாக உலோகம் வார்த்துவரும் பவுண்டரிகள் உள்ளன. நீண்டகால ஆர்டர் உறுதி இருந்தால்தான் அவர்கள் இத்தகைய நுண்வார்ப்பில் முதலீடு செய்வார்கள். எத்தனை இன்ஜின்கள் வந்தன, எத்தனை விமானங்கள் ஒப்படைக்கப்பட்டன, தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பதை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் வெளியிடச் சொல்லித் தமிழக எம்.பி.க்கள் வலியுறுத்த வேண்டும். இந்த எண்ணிக்கைகளை வெளியிடுவதால் எந்தப் படை ரகசியமும் வெளியாகிவிடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சூலூர், கோவை மாவட்டம்.