வேளாவுக்காக வலையை அறுப்பவருக்குக் கைகொடுங்கள்

தமிழ்நாடு வனத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும்,

வணக்கம். ரம்பம்போல் இருபுறமும் பற்கள் கொண்ட நீண்ட மூக்குக் கொம்புடைய வேளா மீன் நம் கடலில் எவ்வளவு அருகிவிட்டது என்பது தங்களுக்குத் தெரியும். 2001 முதல் அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, பிடித்தால் சிறை. ஆனால் இன்று அதை யாரும் தேடிப் போவதில்லை. வேறு மீனுக்கு விரித்த வலையில் அது வந்து மாட்டிக்கொள்கிறது.

பார்வைக்குச் சுறா, பிறப்பால் திருக்கைக்கு உறவு. செவுள் பிளவுகள் வயிற்றுப்புறத்தில் இருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கரையோரச் சேற்றிலும் மணலிலும் கழிமுகங்களிலும் தரையோடு தரையாகக் கிடக்கும். வாய் மண்ணில் படிந்திருப்பதால், கண்ணுக்குப் பின்னால் உள்ள துளைகள் வழியே நீரை இழுத்து மூச்சுவிடும். கொம்பின் தோலெங்கும் நுண்துளைகள். இரையின் உடலிலிருந்து கசியும் மெல்லிய மின்புலத்தை அவை உணரும். கலங்கல் நீரிலும் குறி தப்பாது. கொம்பைப் பக்கவாட்டில் வீசி அடித்து, விழுந்த மீனைத் தரையில் அழுத்தி விழுங்கும். குட்டி போடும் இனம் இது. தாயின் வயிறு கிழியாதிருக்க, பிறக்கும் குட்டியின் கொம்புப் பற்களை ஓர் உறை மூடியிருக்கும். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்தக் கொம்பே அதற்கு எமன். வலைக்கண்ணில் ஒரு பல் சிக்கினால் போதும், திமிறத் திமிற மற்றவையும் சுற்றிக்கொள்ளும். கொம்பை வெட்டி எறிந்துவிட்டு மீனைக் கடலில் தள்ளுவதில் பயனில்லை. கொம்பு திரும்ப முளைக்காது, அதற்கு இரை தேடும் கருவியும் அதுதான். உயிரோடு விட வேண்டுமென்றால் வலையைத்தான் அறுக்க வேண்டும். நாட்டுப்படகுக்காரருக்கோ வலைதான் முதலீடு, அதுவும் பெரும்பாலும் கடனில் வாங்கியது.

மகாராஷ்டிரத்தில் 2018 முதல், பாதுகாக்கப்பட்ட உயிர்களை விடுவிக்க வலையை அறுத்தவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. நம் பாக் விரிகுடாவிலேயே கடற்பசுவை விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை கொடுத்திருக்கிறது. வேளாவை விட்டவருக்கும் அந்தக் கை நீள வேண்டும். கைப்பேசியில் எடுத்த படமே சான்றாகட்டும்; அலுவலகம் அலுவலகமாக அவரை அலைய விடாதீர்கள். தற்செயலாக மாட்டியதை விடுவித்துவிட்டுத் தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது என்பதையும் எழுத்தில் தாருங்கள். அந்த அச்சம் இருக்கும்வரை எவரும் வாய் திறக்க மாட்டார்.

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் புறப்படும் ஜூன் 15-க்குள் ஆணை வெளிவர வேண்டும். தொகை எவ்வளவு, யாரை அழைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
பாக் விரிகுடாக் கரையிலிருந்து ஒருவன்