கர்னக்குக்கு ஒரு காலைப்பொழுது கொடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து எகிப்துக்குக் குழுச் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தாருக்கு, வணக்கம்.

உங்கள் பயணத் திட்டத்தில் லக்சர் நாளை எடுத்துப் பாருங்கள். விடிந்ததும் நைலின் மேற்குக் கரையில் அரசர்களின் பள்ளத்தாக்கு, ஹட்செப்சுட் கோயில், வழியில் பாப்பிரஸ் கடை, அத்தர் கடை, சாப்பாடு. அப்புறம் மிச்ச நேரத்தில் கிழக்குக் கரையில் இருக்கும் கர்னக் கோயில். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் அது. உச்சி வெயிலில் கொண்டுபோய் இறக்கினால் வயதானவர்கள் சிற்பத்தையா பார்ப்பார்கள், நிழலைத்தான் தேடுவார்கள். நான் போன குழுவிலும் அதுதான் நடந்தது.

கர்னக் ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் கட்டிக்கொண்டே இருந்த வளாகம். நம் பெரிய கோயில்களைப் போலவே, பின்னால் வந்த அரசர்கள் வெளிப்பக்கமாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். இன்று நாம் நுழையும் முதல் வாசல்தான் கடைசியாக எழுந்த பெருவாசல், கி.மு. 4ஆம் நூற்றாண்டு. உள்ளே போகப் போகக் காலம் பின்னால் போகும். வழிகாட்டி இதை வாசலிலேயே சொல்லிவிட்டால் நம் ஆட்களுக்கு மீதி தானாகப் புரிந்துவிடும்.

அந்த வாசல் மதிலை முடிக்கவே இல்லை. நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால், மதிலின் உட்புறத்தை ஒட்டிச் சுடாத செங்கல் மேடு ஒன்று இன்னும் கிடக்கிறது. கல்லை மேலே ஏற்றப் போட்ட சரிவு அது. வேலை முடிந்திருந்தால் கலைத்திருப்பார்கள். "இவ்வளவு பெரிய கல்லை எப்படித்தான் ஏற்றினார்களோ!" என்று பஸ்ஸில் வழியெல்லாம் வியந்தவர்கள், பதிலைக் கவனிக்காமலே அதைக் கடந்து தூண் மண்டபத்துக்கு ஓடுகிறார்கள்.

மண்டபத்தில் 134 தூண்கள். நடுவில் உள்ள 12 தூண்கள் சுமார் 21 மீட்டர் உயரம். வடபாதியில் அரசர் முதலாம் சேத்தி காலத்துப் புடைப்புச் சிற்பம், தென்பாதியில் அவர் மகன் இரண்டாம் ராமேசஸ் காலத்துக் குழிவுச் சிற்பம். வெயில் சாய்வாக விழும்போதுதான் இந்த வித்தியாசம் கண்ணில் படும். மதியம் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும்.

அவர்களுக்கும் முந்தைய அரசர் முதலாம் செனுஸ்ரெத்தின் வெள்ளை மண்டபத்தைப் பெரும்பாலான குழுக்கள் பார்ப்பதே இல்லை. பிற்காலத்தில் அதைப் பிரித்து, மூன்றாம் வாசல் மதிலுக்குள் நிரப்புக் கல்லாகப் போட்டுவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் அந்தக் கற்களை வெளியே எடுத்துத் திரும்பக் கோத்து, அதே வளாகத்தின் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். எழுத்துகள் ஒவ்வொன்றும் நகை வேலை. அதற்கு நேரமில்லையாம். ஆனால் குளக்கரையில் இருக்கும் வண்டுச் சிலையை அதிர்ஷ்டம் வரும் என்று ஏழு சுற்று சுற்ற மட்டும் எப்படியோ நேரம் கிடைத்துவிடுகிறது!

காலை 6 மணிக்கே கர்னக்கைத் திறந்துவிடுகிறார்கள். நைல் கப்பல் லக்சரில் நிற்கும் ஒரு விடியலை முழுக்க அதற்கு ஒதுக்குங்கள். மேற்குக் கரை வேறொரு நாளுக்குப் போகட்டும். கடைகளில் உங்களுக்குக் கமிஷன் உண்டு என்பது எங்களுக்கும் தெரியும், அதில் தப்பில்லை. கோயிலுக்கு எத்தனை மணி நேரம், கடைக்கு எத்தனை மணி நேரம் என்று மட்டும் பணம் வாங்கும் முன்பே திட்டத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயணி ஒருவர்