ரசீதில் 'ஃபேஷியல்' என்று இருக்கிறது: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். 'கத்தி இல்லை, தையல் இல்லை, அரை மணி நேரத்தில் எடுப்பான மூக்கு' என்று அழகு நிலையங்கள் செய்யும் விளம்பரம் தங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். ஃபில்லர் என்ற கூழை ஊசியால் தோலுக்கடியில் ஏற்றித்தான் மூக்கை எடுப்பாக்குகிறார்கள். அந்த ஊசியைப் போடுகிறவர் மருத்துவர்தானா என்று ஆளனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் கேட்பது இதைத்தான்.

என் தங்கையின் திருமணத்துக்கு இருபது நாள் இருந்தது. பெண் பார்க்க வந்தவர்களில் யாரோ மூக்கு சற்றுச் சப்பை என்று சொன்னதை அவள் மனத்திலேயே வைத்திருந்தாள். அப்படியொரு நிலையத்தில் ஃபில்லர் போட்ட அன்று மாலையே மூக்கு நுனி வெளுத்தது. இரவில் வலை விரித்ததுபோல் நீலம் படர்ந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்பவில்லை. போட்டவரை அலைபேசியில் கேட்டோம். "வெறும் வீக்கம்தான், ஐஸ் வையுங்கள்" என்றார். இரண்டு நாள் ஐஸ் வைத்தோம். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஃபில்லர் ரத்தக் குழாயை அடைத்துவிட்டது என்று திருவனந்தபுரத்தில் தோல் மருத்துவர் சொன்னார். அது ஹயலூரானிக் அமில ஃபில்லர். அதைக் கரைக்க ஹயலூரோனிடேஸ் என்ற மருந்து இருக்கிறது. அடைப்பு என்று தெரிந்த உடனேயே போட வேண்டும். கண்புரை அறுவைக்கு முன் மரத்துப்போகப் போடும் ஊசியில் கண் மருத்துவர்கள் சேர்க்கிற மருந்துதான். என் தங்கைக்கு ஊசி போட்டவருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. மூக்கின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்தவை. பார்வையே போயிருக்கலாம் என்றார் மருத்துவர். ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டில் கரைந்துபோகிற மேட்டுக்காக!

கறுத்த பொருக்கு உதிர்ந்து, நுனியில் பள்ளம் விழுந்திருக்கிறது. கல்யாணத்துக்கு வாங்கிய மூக்குத்தியின் பெட்டியை அவள் திறப்பதே இல்லை. எங்களிடம் இருக்கும் ஒரே சான்று ரசீது. அதில் 'ஃபேஷியல்' என்று எழுதியிருக்கிறது.

மனு கொடுத்த இடத்தில், அழகு நிலையம் எங்கள் வரம்பில் வராது என்றார்கள். உடம்புக்குள் ஊசி போனால் அது சிகிச்சை இல்லையா? மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்த நம் மாநிலத்தில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. டீக்கடையில் பிளாஸ்டிக் கப் இருந்தால் அபராதம் போட ஆள் வருகிறது. இதற்கு ஏன் வரவில்லை? பெண் பார்க்க வந்து மூக்கை அளந்துவிட்டுப் போகிற நம் வழக்கத்தை நினைத்தாலும் ஆத்திரம்தான் வருகிறது. அதற்குத் தங்களிடம் முறையிட்டுப் பயனில்லை.

கோபத்தில் ஏதும் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஊசி போடும் ஒவ்வொரு நிலையத்திலும் போடுகிறவர் மருத்துவர்தானா, கரைக்கும் மருந்து கைவசம் இருக்கிறதா என்று தயவுசெய்து பார்க்கச் சொல்லுங்கள். வருகிற திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளில், அந்த ரசீதோடு வருகிறேன்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்திலிருந்து ஓர் அண்ணன்