ஐப்பசி மழைக்கு முன் குறையும் தொகை ரூ.1,14,250: நாட்டு மரத் தோப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

கெங்கையம்மன் துணை

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், பெங்களூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் பிழைக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் தோப்புக் குழுவின் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். கோயில் பின்கொட்டகையில் 600 நாற்றுகள் பையிலேயே நிற்கின்றன. போன வருஷம் ஆனியில் போட்ட விதை. இலுப்பைக் கொட்டைக்கும் வேப்பங்கொட்டைக்கும் உயிர் சில வாரம்தான் என்பதால் பொறுக்கிய கையோடு ஊன்றினோம். இப்போது வேர் பையைக் கிழித்துக்கொண்டு கொட்டகைத் தரையில் இறங்கிவிட்டது. புரட்டாசி முடிவதற்குள் வேலி போட்டுக் குழி எடுத்தால் ஐப்பசி மழையில் நட்டுவிடலாம். இந்த மழையை விட்டால் இன்னொரு வருஷம். அதற்குள் பைக்குள் சுருண்ட வேர் அப்புறம் எந்த மண்ணிலும் ஒழுங்காக இறங்காது. ஆடியிலேயே நட்டிருக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். வேலி இல்லாமல் நட்டு ஆட்டுக்குத் தீனி போட மனசு வரவில்லை.

வட ஆற்காடு என்ற பேர் இன்று எந்த மாவட்டத்துக்கும் இல்லை. 1989-ல் ஒரு தடவை பிரித்தார்கள், 2019-ல் மறுபடி மூன்றாக்கினார்கள். ஆனால் அந்தப் பேரிலேயே காடு இருக்கிறது என்பதை நம் தாத்தாமார் விட்டுக்கொடுத்ததில்லை. ஆறு காடுதான் ஆற்காடு என்பார்கள். இல்லை, ஆர் என்றால் ஆத்தி மரம், ஆத்திக் காடுதான் ஆற்காடு என்று தமிழய்யா திருத்துவார். சண்டை அவர்களுக்குள். காடு இருந்தது என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமில்லை. பாலாற்றின் இரு கரையிலும் ஆறு ரிஷிகள் தவம் செய்த ஆறு சிவாலயங்களைச் சிவராத்திரிக்குச் சுற்றி வருகிறோமே, அந்த ஊர்ப் பேர்களைச் சொல்லிப் பாருங்கள். அகத்தியருக்கு வன்னிவேடு. வசிஷ்டருக்கு வேப்பூர். கௌதமருக்குக் காரை. குடிமல்லூர், மேல்விஷாரம், புதுப்பாடி மீதி மூன்று. வன்னியும் வேம்பும் காரையும் ஊருக்குப் பேர் கொடுத்துவிட்டு எங்கே போயின? வன்னிவேட்டுப் பக்கம் சம்பந்தம் செய்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! கோயிலுக்கு வெளியே ஒரு வன்னி மரத்தைக் கண்டவர் கையைத் தூக்குங்கள்.

கண்டதெல்லாம் வேலிகாத்தான் என்கிற சீமைக் கருவேல்தான். 1870-களில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. வன்னிக்கு ஒரு வகையில் பங்காளி. ஆடு மாடு காயைத் தின்று சாணியில் விதையைப் போட, மேய்க்கால் முழுவதும் அதன் ஆட்சி. அடியில் புல் கிடையாது. போன வைகாசியில் ஊராட்சித் தீர்மானத்தோடு ஏரியை ஒட்டிய இரண்டு ஏக்கரில் அதை வேரோடு பிடுங்கினோம். விறகு விற்ற பணமும் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

அங்கே வரப்போவது இலுப்பை, வேம்பு, புங்கன், வன்னி, ஆத்தி, உசிலை, வெப்பாலை, நாவல், விளா, சரக்கொன்றை. ஏரிப் பக்கம் நீர்மருது, ஓரத்தில் சுற்றிப் பனை. அம்மன் விளக்குக்கு இலுப்பெண்ணெய் ஊற்றிய ஊர் இது. இன்று பாக்கெட் எண்ணெய் ஊற்றுகிறோம். இலுப்பை வந்தால் வௌவால் வரும், அது தின்று துப்பும் கொட்டையில் அடுத்த மரம் தானாக முளைக்கும். உசிலை இலை இருந்தால் அரப்புத் தூளைக் கடையில் வாங்க வேண்டாம். சீக்கிரம் நிழல் தரும் செம்மயில்கொன்றை (குல்மோகர்) வையுங்கள், பணம் தருகிறோம் என்று ஒருவர் சொன்னார். அது மடகாஸ்கர் மரம், ஐயா. பணத்தை மட்டும் தாருங்கள்.

இதுவரை கொடுத்தவர்களை மறக்க மாட்டோம். பேர் வேண்டாம் என்றவர்களே அதிகம், அதனால் பேரில்லாமலே கும்பிடுகிறோம். பஸ் ஸ்டாப்பில் இட்லி விற்கும் அம்மா மாசம் 100 ரூபாய் பதினொரு மாசம் தவறாமல் கொடுத்தார். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் ஒரு நாள் ஓவர்டைம் பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்தார்கள். மசூதித் தெரு வியாபாரிகள் ரமலான் மாசத்தில் 15,000 அனுப்பி, நாவல் மரம் தங்கள் தெருப் பக்கம் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டார்கள், அப்படியே ஆகும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் உண்டியலை உடைத்து 850 எண்ணி வைத்தார்கள், அதில் பாதி ஒரு ரூபாய்க் காசு. நாற்றுக்குக் கோடை முழுவதும் தண்ணீர் தூக்கிய நூறு நாள் வேலை அக்காமார் பணம் கொடுக்கவில்லை. அவர்களிடம் கேட்கவும் எங்களுக்கு வாய் வராது.

கணக்கு இது. 1,200 அடிக்குக் கல் நட்டுக் கம்பி வலை வேலி, அடிக்கு 130 வீதம் ரூ.1,56,000. குழி எடுக்க ஜேசிபி 14 மணி நேரம், ரூ.16,800. தொழு உரம் எட்டு டிராக்டர், ரூ.20,000. தை முதல் ஆனி வரை வாரம் இரண்டு டேங்கர் தண்ணீர், இரண்டு வருஷத்துக்கு ரூ.52,800. காவலுக்கு ஒரு ஆள், மாசம் 3,000, இருபத்து நான்கு மாசம், ரூ.72,000. மொத்தம் ரூ.3,17,600. கையில் இருப்பது ரூ.2,03,350. வேலிக்காரர் முன்பணம் வாங்கிவிட்டார், மீதி கொடுத்தால்தான் கல் இறக்குவேன் என்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது.

சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறோம். அம்மன் சிரசை ஊர்வலமாகக் கொண்டுவரும் சிரசுத் திருவிழாவில் ஒரே ராத்திரி வாண வேடிக்கைக்கு எவ்வளவு புகைந்தது என்று ஊருக்குத் தெரியும். அப்போது முதல் ஆளாக நின்று மைக்கில் தொகை அறிவித்த சிலர், தோப்பு நோட்டில் இன்னும் ஒரு வரி எழுதவில்லை. போன மாசம் வீடு தேடி வந்தபோது 'அடுத்த வாரம்' என்றவர்கள் பதினேழு பேர். நாலு அடுத்த வாரம் போய்விட்டது. அந்த நோட்டு அம்மன் காலடியில்தான் இருக்கிறது.

முழுத் தொகை முடியாதவர் ஒரு மரம் எடுத்துக்கொள்ளலாம். வேலி, தண்ணீர், காவல் எல்லாம் சேர்த்து மரத்துக்கு ரூ.530 ஆகிறது. இறந்துபோன அப்பா அம்மா பேரில், பிறந்த குழந்தை பேரில் வைக்கலாம். ஆனால் கிரானைட் பலகை கிடையாது, நோட்டில் மட்டும் பேர். ஞாயிறு தோறும் காலை 7 முதல் 11 வரை கோயில் மண்டபத்தில் குழுவினர் இருப்போம். கையோடு ரசீது தரப்படும். வெளியூரில் இருப்பவர்கள் கோயில் கமிட்டிக் கணக்கில் போட்டுவிட்டு வீட்டாரிடம் சொல்லுங்கள், ரசீது வீட்டுக்கே வரும். வரவு செலவு மாசா மாசம் ஆலமரத்தடிப் பலகையில் ஒட்டப்படும்.

கடைசி நாள் புரட்டாசி நாலாம் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டு வரும்போது மண்டபத்தில் எட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
நாட்டு மரத் தோப்புக் குழுவினர்