ஃபயர்வாலின் அட்மின் பக்கத்தை வெளியே திறந்து வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் வேலை செய்து கொடுப்பவன் நான். கம்ப்யூட்டர் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், 'ஃபயர்வால் போடுங்கள்', அதாவது இணையத்துக்கும் ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் நடுவே காவல் பெட்டி ஒன்றை வையுங்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். போட்டவர்கள் அதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சமீபத்தில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அக்கவுண்ட்ஸ் அறை பீரோவுக்கு மேலே ஃபயர்வால் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, காற்றுத் துளையெல்லாம் பஞ்சுத் தூசி. பாஸ்வேர்டு கேட்டேன். "அது மாட்டிக் குடுத்த பையனுக்குத்தானுங்க தெரியும், அவரு பெங்களூர் போயிட்டாருங்க" என்றார் மேனேஜர். பெட்டியை நேரடியாக லேப்டாப்போடு இணைக்கும் கன்சோல் கேபிளைச் செருகி, வேகம் 9600 வைத்து என்டர் தட்டினால் கறுப்புத் திரையில் லாகின் கேட்டது. அதற்கு மேல் போக வழியில்லை. அந்தத் தம்பிக்கே போன் போட்டேன். "அங்கெல்லாம் எதுக்குண்ணா போனீங்க? பப்ளிக் ஐபி போட்டா வீட்டுல இருந்தே ஓப்பன் ஆகுமே!" என்றார்.

அந்த பப்ளிக் ஐபியை, அதாவது கம்பெனி லைனின் இணைய முகவரியை, என் செல்போனில் மொபைல் டேட்டா வழியாகப் போட்டுப் பார்த்தேன். வந்தது, பெட்டியின் எல்லா அமைப்புகளையும் மாற்றக்கூடிய அட்மின் பக்கம். அந்தத் தம்பி சொன்ன பாஸ்வேர்டு, கம்பெனி பெயரும் 123-ம். உள்ளே போய் லாக், அதாவது யார் யார் நுழையப் பார்த்தார்கள் என்ற பதிவைப் பார்த்தால், admin, root, test என்று மாற்றி மாற்றி எங்கிருந்தோ தட்டிப் பார்த்த தோல்விகள் திரை திரையாக ஓடின. வாசல் பூட்டின் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதைதான்.

பாஸ்வேர்டைக் கடினமாக வைத்தால் போதாதா என்று முதலாளிகள் கேட்கிறார்கள். போதாது. பெட்டிக்குள் ஓடும் மென்பொருளிலேயே ஓட்டை வருகிறது. 2020 ஏப்ரலில், அட்மின் பக்கமோ, சாதாரணப் பயனர்கள் நுழையும் யூசர் போர்ட்டலோ வெளியே தெரிந்த சோஃபோஸ் எக்ஸ்ஜி ஃபயர்வால்களுக்குள் புகுந்து பயனர் பெயர்களை எடுத்துப் போனார்கள். 2024 நவம்பரில் பாலோ ஆல்டோ ஃபயர்வால்களின் நிர்வாகப் பக்கத்தில் வெளிவந்த ஓட்டை இன்னும் மோசம்: பாஸ்வேர்டே இல்லாமல் அட்மின் ஆகிவிடலாம். உள்ளே நம்பகமான ஐபிகளுக்கு மட்டும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தவர்களுக்கு ஆபத்து வெகுவாகக் குறைந்தது. இரண்டும் பெரிய கம்பெனிகள், நல்ல பெட்டிகள். அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2023 ஜூனிலேயே, அந்நாட்டு மத்திய அரசு அலுவலகங்களில் இப்படி இணையத்தில் தெரியும் நிர்வாகப் பக்கங்களை, தெரியவந்த 14 நாட்களுக்குள் மூடவோ தனிப் பாதுகாப்புக்குள் கொண்டுவரவோ வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டது.

நம் நாட்டிலும் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு வெளியிட்டது. தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குச் சொல்ல வேண்டும், லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் விற்கும் சின்ன மாடல்கள் பலவற்றில் டிஸ்க்கே கிடையாது. கரண்ட் போய் வந்தால் லாக் காலி. தனியாக ஒரு லாக் சர்வர் வைக்கச் சொன்னால், "அதுக்கு வேற செலவா?" என்கிறார்கள். ஃபயர்வாலுக்கு லைசென்ஸ் கட்டும் ஆள்தான் கேட்கிறார், அதுதான் வேடிக்கை.

அட்மின் பக்கத்தை வெளியே மூடிவிட்டால், ராத்திரி லைன் போகும்போது எப்படிச் சரிசெய்வது என்பார்கள் எங்கள் தொழில்காரர்கள். நியாயமான கேள்விதான். விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழி போட்டு, ஓடிபியும் வைத்து, அதற்குப் பிறகு அட்மின் பக்கத்துக்குப் போகலாம். அதற்கும் வசதியில்லையென்றால், சர்வீஸ் அலுவலகத்தின் நிலையான ஐபி ஒன்றிலிருந்து மட்டும் திறக்கும்படி கட்டுப்படுத்தலாம். பெட்டியிலேயே அந்த வசதி இருக்கிறது, அமைக்கச் சில நிமிடம் போதும்.

முதலாளிகள் ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மூன்று விஷயம் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். அட்மின் பாஸ்வேர்டு உறையில் போட்டு அவர்கள் லாக்கரில் இருக்க வேண்டும். பெட்டியில் வேலை செய்ய வரும் ஒவ்வொருவருக்கும் தனி யூசர் வேண்டும், வேலையை விட்டுப் போன அன்றே அதை நீக்க வேண்டும். பெட்டியின் அமைப்புகளை நகலெடுத்த கான்ஃபிக் பேக்கப் ஒன்று ஆபீஸிலேயே இருக்க வேண்டும்; இல்லையென்றால் பாஸ்வேர்டு தொலைந்த அன்றைக்குப் பெட்டியை ரீசெட் செய்து எல்லா விதிகளையும் முதலிலிருந்து அடிக்க வேண்டியிருக்கும், அதுவரை ஷிப்மென்ட் மெயில் எதுவும் போகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்