"சொந்தக்காரர் எண்டு சொல்லுங்கோ" – செயலி வாகன விபத்துகளும் காப்புறுதியும் பற்றி ஒரு திறந்த மடல்

இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவினருக்கும், யாழ்ப்பாணத்தில் செயலி வழியாக ஓட்டோவும் காரும் ஓடவிடும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

திருநெல்வேலியிலும் கோண்டாவிலிலும் நல்லூரிலும் இப்போது வீட்டுப் படலையடியில் நின்றே போனில் தட்டி வாகனத்தைக் கூப்பிடுகிறோம். வயதானவர்களைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகவும், கொழும்பு பஸ்ஸில் விடியப்புறம் வந்து இறங்கும் பிள்ளைகளை ஏற்றிவரவும் இது பெரிய உதவி. காசு எவ்வளவு என்று முன்னமே தெரியும், பேரம் பேசத் தேவையில்லை. ஆகவே இந்தச் சேவை வேண்டாம் என்று நான் எழுதவில்லை. அந்த வாகனம் எங்காவது மோதினால் ஏறியிருந்தவரின் மருத்துவச் செலவுக்கு யார் பொறுப்பு என்பது ஏறுபவருக்கும் தெரியாது, ஓட்டுபவருக்கும் தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் சின்னம்மா கண் பரிசோதனைக்குப் போவதற்காகச் செயலியில் ஒரு சின்னக் காரை அழைத்தார். காங்கேசன்துறை வீதியில் போய்க்கொண்டிருக்கும்போது ஒழுங்கையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் திடீரென்று ஏற, சாரதி வெட்டினார். கார் மதகுக் கட்டில் போய் இடித்தது. சின்னம்மாவுக்குக் காறை எலும்பு உடைந்துவிட்டது. யாரோ 1990க்கு அடித்தார்கள். அம்புலன்ஸ் வருவதற்கு இடையில் அந்தச் சாரதிப் பெடியன், நெற்றியில் இரத்தத்தோடு, அவர் பக்கத்தில் குந்தியிருந்து கெஞ்சினான்: "அம்மா, பொலிஸ் கேட்டால் எனக்குச் சொந்தக்காரர் எண்டு சொல்லுங்கோ. ஹயர் எண்டு தெரிஞ்சால் இன்சூரன்ஸ்காரர் ஒரு சதமும் தராயினம். லீசிங் வேறை கட்டுறன்."

சின்னம்மாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "தெரிந்த பிள்ளை, ஏற்றிக்கொண்டு போனவர்" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டார்.

அந்த ஒரு வசனம் செய்த வேலையைப் பாருங்கள். செயலியின் பதிவில் நேரமும் கட்டணமும் வாகன இலக்கமும் இருக்கின்றன. பொலிஸ் பதிவில் சொந்தக்காரர் என்று இருக்கிறது. நட்டஈடு கேட்டு எழுதியபோது, காப்புறுதி நிறுவனம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்டது. செயலி நிறுவனமோ ஆங்கிலத்தில் ஒரு தானியங்கிப் பதில் அனுப்பியது: தாங்கள் பயணியையும் சாரதியையும் இணைத்துவிடும் தொழில்நுட்பச் சேவை மட்டுமே, வாகனம் தங்களுடையது அல்ல என்று. அன்றைய பயணக் கட்டணத்தை மட்டும் திருப்பிப் போட்டார்கள். எலும்பு உடைந்த ஒரு மனுசிக்குக் கார்க் காசு திரும்பி வந்தது.

அந்தப் பெடியனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவனுடைய காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் அது சொந்தப் பாவனைக்கு எடுத்தது. வாடகைக்கு ஓடும் வாகனம் கூடத் தூரம் ஓடும், கூட ஆட்களை ஏற்றும். எனவே சொந்தப் பாவனை, ஹயர் என்று கணக்கு வேறு, கட்டணமும் வேறு. சொந்தப் பாவனைக்கென்று எடுத்துவிட்டு ஹயர் ஓடினால், வாகனத்தின் சேதத்துக்குக் கிலெய்ம் போடும்போது நிறுவனம் மறுக்க இடம் கொடுத்ததாகிறது. இதைச் செயலியில் வாகனத்தைப் பதியும் நாளிலேயே தமிழில் எடுத்துச் சொல்லி, ஹயருக்கான காப்புறுதிப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்த பிறகு சேர்த்திருந்தால், அந்த வீதியோரத்தில் அவன் கெஞ்ச வேண்டி வந்திராது.

சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் வீதியில் இறங்கக் கூடாது. உயிருக்கோ உடம்புக்கோ தீங்கு வந்தால் பாதிக்கப்பட்டவர் நட்டஈடு பெற வேண்டும் என்பதற்காகவே அந்தக் கட்டாயம் வந்தது. ஆனால் எங்கள் சனம் பலர், நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் விசயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிற காசு. பாதிக்கப்பட்டவர் தன் இழப்பு முழுவதற்கும் நட்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் தனியாகச் சிவில் வழக்குப் போட வேண்டும். அதையும் விபத்து நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். 1871ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வழக்கைப் பற்றிக் காப்புறுதி நிறுவனத்துக்கும் உரிய நேரத்தில் எழுத்தில் அறிவிக்க வேண்டும். எலும்பு பொருந்தி, பிசியோதெரபி முடிந்து, கை பழையபடி தூக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கவே பாதிக் காலம் போய்விடும். மற்றப் பாதி, எந்த நிறுவனத்திடம் போவது என்று தேடுவதில் போய்விடும்.

கலிபோர்னியாவில் இதே குழப்பம் வந்தது. செயலியைத் திறந்துவைத்து ஹயருக்குக் காத்திருக்கும் நேரம், ஹயரை ஏற்றுக்கொண்டு பயணியை எடுக்கப் போகும் நேரம், பயணி உள்ளே இருக்கும் நேரம் என்று அவர்கள் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காப்புறுதி வேண்டும் என்று சட்டமாகவே எழுதினார்கள். 2015இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், ஹயரை ஏற்றுக்கொண்ட நிமிடத்திலிருந்து பயணி இறங்கும் வரைக்கும் 10 இலட்சம் டொலர் பொறுப்புக் காப்புறுதி இருக்க வேண்டும் என்றது. பக்கத்து இந்தியாவில் 2020இல் வந்த வழிகாட்டல்கள், செயலி நிறுவனம் ஒவ்வொரு சாரதிக்கும் 5 இலட்சம் இந்திய ரூபாவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றன. அந்தத் தொகைகளை இங்கே கேட்கவில்லை. எந்த நிமிடத்தில் யார் பொறுப்பு என்று கலிபோர்னியாவில் ஒரு கோடு கீறினார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

ஆணைக்குழுவினரே, காப்புறுதி விண்ணப்பப் படிவத்தில் "இந்த வாகனத்தைச் செயலி வழியாக வாடகைக்கு ஓட்டுவீர்களா?" என்று தமிழில், தெளிவாக, தனிக் கேள்வியாகக் கேட்கும்படி நிறுவனங்களுக்குப் பணியுங்கள். பின்னேரத்தில் மட்டும் ஹயர் ஓடுகிற ஆசிரியர்களும் கடைப் பெடியன்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். முழுநேர ஹயர்க் கட்டணம் அவர்களுக்குக் கட்டாது. ஓடுகிற அளவுக்கு ஏற்றபடி மேலதிகக் கட்டணம் கட்டும் ஒரு வழியைத் திறந்துவிட்டால் பொய் சொல்ல வேண்டிய தேவையே இராது. இன்னொன்று, இதுதான் எனக்கு மிக முக்கியம்: வாகனம் ஹயரில் போனது என்று பயணி உண்மையைச் சொன்னால், அதனால் அவருடைய நட்டஈட்டு உரிமை என்னவாகும்? சாரதிக்கும் நிறுவனத்துக்கும் இடையில் உள்ள சிக்கலைப் பயணியின் தலையில் கட்ட முடியுமா? இதற்கு எழுத்தில், பொதுவில், தமிழில் ஒரு விளக்கம் தாருங்கள்.

செயலி நிறுவனத்தாரே, சாரதியின் படத்தையும் நட்சத்திரப் புள்ளிகளையும் காட்டுகிற அதே திரையில் வாகனத்தின் காப்புறுதி நிறுவனம் எது, ஹயருக்கு எடுத்ததா, எந்தத் திகதி வரைக்கும் செல்லும் என்று மூன்று வரி போடுவது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. விபத்து நடந்தால் தமிழ் பேசுகிற ஒருவர் போனை எடுக்க வேண்டும். பயணப் பதிவைப் பாதிக்கப்பட்டவரோ அவருடைய சட்டத்தரணியோ கேட்டால் தாமதிக்காமல் கொடுங்கள். அப்புறம் உங்கள் கொமிசன் விசயம். கொமிசன் கூடிப்போனதால் சில சாரதிகள் ஏறின பிறகு "ஆப்பைக் கான்சல் பண்ணிவிடுங்கோ, அதே காசுக்குக் கொண்டுபோய் விடுறன்" என்கிறார்கள். பயணியும் சரி என்று விடுகிறார். அந்த நிமிடமே அவர் அந்த வாகனத்தில் வாடகைக்கு ஏறியதற்கான பதிவு அற்றுப்போகிறது. செயலி வழியாக ஏதாவது காப்பு இருந்தாலும் அதுவும் கைவிட்டுப் போகும். இப்படிக் கான்சல் பண்ணினால் என்ன இழப்பீர்கள் என்று, கான்சல் பொத்தானுக்கு மேலேயே எழுதிப் போடுங்கள்.

சின்னம்மா இப்போது சட்டத்தரணியின் ஆலோசனைப்படி பொலிஸில் மேலதிக வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். டயக்னோசிஸ் கார்டும் எக்ஸ்ரேயும் பற்றுச்சீட்டுகளும் ஒரு ஃபைலில் இருக்கின்றன. 2 வருடம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் மேலே கேட்ட விளக்கத்தைத் தாருங்கள்; பதிலைப் பத்திரிகைகளுக்கும் அனுப்புங்கள். இதே நிலையில் வேறு வீடுகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
திருநெல்வேலியிலிருந்து ஒரு பயணி
யாழ்ப்பாணம்