இருளில் வரைந்த நாற்காலி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் நேற்றிரவு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அறையை இருட்டாக்கி, ஒளியை உள்ளே விடும் கதவான கேமராவின் ஷட்டரைத் திறந்து வைத்து, டார்ச் விளக்கால் அந்தப் பழைய மர நாற்காலிக்கு ஒளி பூசியிருக்கிறாய். சாய்மானம் வெளிறிப்போய், கால்கள் இருளில் மறைந்துவிட்டன என்று வருந்தி எழுதியிருந்தாய். அது கேமராவின் குறையன்று; விளக்கைப் பிடித்த உன் கை சாய்மானத்தின் அருகிலேயே தயங்கி நின்றிருக்கிறது. சிறிய விளக்கு ஒன்று இரு மடங்கு தொலைவுக்கு விலகினால் பொருளின் மீது விழும் ஒளி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே அரை மீட்டரிலிருந்து சாய்மானத்துக்கு இரண்டு நொடி ஒளி காட்டினால், ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் கால்களுக்கு எட்டு நொடி காட்ட வேண்டும்.

கேமராவைத் தாங்கும் முக்காலியை அசையாமல் நிறுத்தி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, ஷட்டர் 30 நொடி என்று தொடங்கு. அறை விளக்கு எரியும்போதே குவியத்தைச் சரிசெய்து, தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிடு. இருளில் அது தேடித்தேடித் தவறிவிடும். கேமராவின் பக்கத்தில் நின்று ஒளி பாய்ச்சாதே, மரம் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து, ஏறக்குறைய மரத்தைத் தடவுவதுபோல் ஒளியைச் செலுத்தினால், ஒவ்வொரு வரியும் கீறலும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். எனக்கு இந்தக் கலையிலேயே மிகவும் பிடித்தது அந்தக் கணம்தான். கறுப்பு உடை அணிந்து, விளக்கின் ஒளி உன்மேல் படாமல் நடந்துகொண்டே இருந்தால், நீ சட்டகத்துக்குள் இருந்தாலும் படத்தில் பதிய மாட்டாய்.

விளக்கை லென்ஸை நோக்கித் திருப்பினால் கதை வேறாகிறது. அப்போது ஒளியே கோடாகிவிடும். 1949-இல் ஓவியர் பிக்காசோ இருட்டறையில் சிறு மின்விளக்கால் காற்றில் வரைந்த உருவங்களை, ஷட்டரைத் திறந்து வைத்துப் படமாக்கினார் புகைப்படக் கலைஞர் ஜியோன் மிலி. கோடுகள் விளக்கின் ஓட்டத்தால் பதிந்தன. இருளில் நின்ற ஓவியரின் உருவமோ ஒரு கணம் மின்னிய பிளாஷால் பதிந்தது. நீண்ட நேரத்தையும் ஒரு நொடித் துளியையும் ஒரே படத்தில் சேர்க்கும் இந்த முறையை, உன் தோழி ஒருத்தியை நிற்கவைத்து நீயும் செய்து பார்க்கலாம்.

நான் பிலிமில் பழகிய காலத்தில், ஷட்டர் நெடுநேரம் திறந்திருந்தால் பிலிமின் உணர்திறன் குறைந்துவிடும் என்பதை அறியாமல், 36 படங்கள் கொண்ட ஒரு சுருளையே இருட்டாக எடுத்து, அதைக் கழுவிப் பார்த்த பிறகே அறிந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் நொடியையும் தொலைவையும் நோட்டில் குறித்துவந்தேன். உன் கேமரா பல விவரங்களைத் தானே பதிவு செய்யும். ஆனால் விளக்கு எங்கே இருந்தது, எவ்வளவு நேரம் நகர்ந்தது என்பதை அது அறியாது. அதை நீதான் எழுத வேண்டும். ஒரு முயற்சிக்கு ஒரே ஒரு மாற்றம் செய். இரண்டை மாற்றினால் எதனால் படம் மேம்பட்டது என்று உனக்கே தெரியாமல் போகும்.

அடுத்த முறை நாற்காலியின் கால்களிலிருந்து தொடங்கு. சரியாக வராத படங்களையும் குறிப்புகளோடு எனக்கு அனுப்பு. அவற்றைத்தான் நான் முதலில் பார்க்க விரும்புகிறேன்.

அன்புடன்,
அப்பா